சத்திரசிகிச்சைக்குப் பின்: அச்சுவேலிப் பகுதியில் சலப்பை நோயும் துணையின் பாடும்

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் சிறுநீரைச் சலம் என்றும், அது தங்கும் பையைச் சலப்பை என்றும், நீரிழிவைச் சலரோகம் என்றும் சொல்வது இன்றும் வழக்கில் உள்ளது. சலம் வெளியேறாமல் நிற்பதைச் சலம் கட்டுதல் என்றும், எரிச்சலோடு துளித்துளியாகப் போவதைச் சலக்கடுப்பு என்றும், கட்டுப்பாடின்றிக் கசிவதைச் சலம் அறியாமல் போதல் என்றும் பிரித்துச் சொல்லும் இவ்வழக்கில் நோயின் வகைகள் பெருமளவு அடங்கியிருக்கின்றன. ஆயினும் இச்சொற்கள் திண்ணையில் பேசப்பட்டவை அல்ல. கணவனுக்கு வந்த நோயை மனைவி வைத்தியரிடம் தாழ்ந்த குரலில் சொல்வதும், மனைவிக்கு வந்ததைக் கணவனோ மாமியாரோ சுற்றிவளைத்துச் சொல்வதுமே நெடுங்கால வழக்கமாக இருந்தது. மருத்துவ வரலாறு அறுவை செய்த கையையும் அது செய்யப்பட்ட ஆண்டையும் குறித்து வைத்திருக்கிறது. புண் ஆறிய பின்னும் ஆறாமல் நின்ற சலப்பையின் தொல்லையைச் சுமந்து, ஒரு வைத்தியத்துக்கும் மற்றொரு வைத்தியத்துக்கும் இடையே நடந்த துணையின் வரலாறு அவ்வாறு குறிக்கப்படவில்லை. அச்சுவேலியை நடுவில் வைத்து, அந்நடையின் பாதையைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலிகாமம் கிழக்கில், தொண்டைமானாற்று நீரேரிக்குத் தென்மேற்கே அமைந்த அச்சுவேலி, குடாநாட்டின் ஏனைய வேளாண் ஊர்களைப் போலவே சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் படிந்த செம்மண்ணில் வாழும் ஊராகும். ஆறில்லாத இந்நிலத்தில் மழைநீர் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கிக் கிணறுகளில் ஊறுகிறது; அயலிலுள்ள நிலாவரைக் கேணி இத்தகைய பாறை இடிந்து விழுந்ததால் தோன்றியதே. இவ்வாறு ஊறும் நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பதால் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு உண்டாகிறது. அப்படிவைப் பார்த்தவர்கள் உடலுக்குள் உண்டாகும் கல்லையும் அதனோடு சேர்த்துப் பேசியது இயல்பே. நீரின் கடினத்தன்மைக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நேரடியானது அன்று எனினும், புகையிலைத் தோட்டத்திலும் வெங்காயத் தறையிலும் வெயிலில் நின்று உழைப்பவர் வியர்வையாக இழக்கும் அளவுக்கு நீர் குடியாவிடின் சலம் செறிவடைந்து கல் உண்டாக வாய்ப்பு மிகும் என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மையாகும்.

மேனாட்டு மருத்துவம் வருமுன் இந்நோய்க்குத் துணை நின்றவர் பரிகாரி, அதாவது தலைமுறை வழியாக ஏடும் கைமுறையும் பெற்ற நாட்டுவைத்தியர் ஆவார். யாழ்ப்பாணத்து அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களும், உணவுப் பொருள்களின் குணங்களைக் கூறும் இருபாலைச் செட்டியாரின் பதார்த்தசூடாமணியும் இம்மரபின் எழுத்துச் சான்றுகளாகும். இவற்றுள் பரராசசேகரத்தை ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல பாகங்களாக அச்சிட்டு வெளிப்படுத்தினார். சித்த மருத்துவம் சலம் தடைப்படுதலை ஒரே நோயாகக் கொள்வதில்லை. கல்லால் வருவது கல்லடைப்பு எனவும், உள்ளே தசை பெருத்து வழியை நெருக்குவதால் வருவது சதையடைப்பு எனவும், எரிச்சலும் குத்தலும் மேலோங்குவது நீர்க்கடுப்பு எனவும் பெயர் பெற்றன. முதுமையில் ஆண்களுக்குச் சலப்பையின் கழுத்தைச் சூழ்ந்த சுரப்பி பெருப்பதால் உண்டாகும் தடையை இன்றைய சித்த மருத்துவர்கள் சதையடைப்பின் வகையிலேயே சேர்க்கின்றனர்.

மருந்துகளிற் பெரும்பாலானவை வேலியோரத்திலும் வெறுநிலத்திலும் கிடைத்தவை. நெருஞ்சில், யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூக்கீரை எனப்படும் சிறுபீளை, மாவிலிங்கப் பட்டை, வெள்ளரி விதை, கொத்தமல்லி ஆகியவற்றில் நோய்க்குத் தக்கவற்றைத் தேர்ந்து, எட்டுப் பங்கு நீர் ஒரு பங்காகச் சுருங்கும்வரை மண்சட்டியில் காய்ச்சி வடிப்பதே குடிநீர் எனப்பட்டது. இக்குடிநீரைக் காய்ச்சுவது வைத்தியரின் வேலை அன்று. பரிகாரி சரக்கின் பெயரையும் நிறையையும் சொல்லி அனுப்ப, நெருஞ்சிலைப் பிடுங்கி முள்ளோடு இடிப்பதும், அடுப்பைச் சிறு தீயில் வைத்துச் சட்டியில் நீர் இறங்கும் அளவைப் பார்த்துக்கொண்டிருப்பதும், புளியும் காரமும் விலக்கிய பத்தியச் சோற்றை வேறாக வடிப்பதும் வீட்டுப் பெண்ணின் பொறுப்பாயின. ஆகவே இம்மரபில் மருந்து தொடக்கத்திலேயே பாதி வைத்தியருடையதாகவும் பாதி துணையுடையதாகவும் இருந்தது.

குடிநீரால் கரையாத கல்லுக்குக் கத்தியே வழி என்பதைப் பண்டைய இந்திய மருத்துவம் அறிந்திருந்தது. சலப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையை விவரிக்கும் சுசுருத சங்கிதை, அறுக்காவிடின் இறப்பு உறுதி, அறுத்தாலோ பிழைப்பு ஐயம் என்று கூறி, அரசனின் ஒப்புதல் பெற்றே இதில் இறங்கவேண்டும் என எச்சரிக்கிறது. அறுக்கும்போது ஊறுபடக்கூடாத இடங்களையும் அது எண்ணிச் சொல்கிறது. அவ்வெச்சரிக்கையில், சத்திரசிகிச்சையால் உயிர் தப்பினாலும் சலவழி கெடக்கூடும் என்ற அறிவும் அடங்கியிருக்கிறது. ஆயின் குடாநாட்டுப் பரிகாரிகளின் கைமுறை கட்டுடைத்தல், புண்ணாற்றுதல், முறிவு கட்டுதல் ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றமையால், உடலுள் இறங்கும் அறுவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்தே இங்கு வந்தது.

அமெரிக்க மிசனைச் சேர்ந்த யோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கியது இதன் முதற்படி. அடுத்த படி, மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து, மறு ஆண்டில் மானிப்பாயில் மருத்துவ நிலையத்தை நிறுவியமை ஆகும். ஈதர் என்னும் மயக்க மருந்து பொஸ்ரன் நகரில் 1846 ஒக்ரோபரில் வெளிப்படையாகக் காட்டப்பட்டு ஓராண்டு ஆவதற்குள் அவர் யாழ்ப்பாணம் சேர்ந்தார் என்பது கவனிக்கத்தக்கது. மயக்க மருந்துக்கு முந்திய காலத்தில் கல்லறுக்கும் வைத்தியனின் திறமை அவன் வேகத்தால் அளக்கப்பட்டது. நோவு நீங்கியதும் பொறுமையாக அறுக்க இடம் கிடைத்தது எனினும் புண் சீழ்பிடிப்பது நீங்கவில்லை. கிருமி புண்ணிற் புகாமல் காக்கும் முறையை யோசேப் லிஸ்ரர் வெளியிட்ட 1867ஆம் ஆண்டிலேயே, துரூயிற் என்பாரின் சத்திரவைத்திய நூல் கிறீனின் முயற்சியால் இரணவைத்தியம் என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. உள்நாட்டு மரபில் புண் வைத்தியத்துக்கு வழங்கிய பெயரையே மேனாட்டு அறுவைக் கலைக்கும் சூட்டியதனால், புதியது பழையதன் தொடர்ச்சி போலவே வாசகர் கையை அடைந்தது.

கிறீன் 60க்கும் மேற்பட்டோரை வைத்தியராகப் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், ஆங்கிலம் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிக் குடாநாட்டை விட்டுச் செல்வதைக் கண்டு, 1862இல் இரண்டாம் முறை வந்தபின் தமிழ்வழிப் போதனைக்கு மாறினார். தமிழில் கற்ற வைத்தியன் தன் ஊரிலேயே தங்குவான் என்பது அவர் கணக்கு. 1857இல் வெளிவந்த பிரசவ வைத்தியம், 1872இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்கள் 4000 பக்கங்களைத் தாண்டும் மொழிபெயர்ப்புப் பணியின் பகுதிகளாகும். சலப்பை நோயைப் பொறுத்தவரை இம்மாற்றத்தின் பயன் தனிப்பட்டது. உடலின் மறைவான உறுப்புகளுக்கும் அவற்றின் நோய்களுக்கும் அச்செழுத்தில் நின்ற தமிழ்ப் பெயர்கள் கிடைத்தமையால், திண்ணையில் சொல்ல முடியாததை வைத்தியன் முன் சொல்வதற்கு நாணம் குறைந்த ஒரு மொழி பிறந்தது. நோயாளியின் துணைவி சொல்வதை வைத்தியன் துவிபாசியின்றி, அதாவது மொழிபெயர்ப்பாளர் இன்றி, நேரே கேட்டறிய முடிந்தது. யாழ்ப்பாணத்துக் கவிஞர் அம்பி, கிறீனின் இப்பணியைத் தனி நூலாக எழுதிப் பின்வந்தோர் நினைவில் நிறுத்தினார்.

அச்சுவேலியிலிருந்து மானிப்பாய் ஏறத்தாழ 10 மைல். திருக்கல் எனப்படும் சிறு மாட்டுவண்டியில் சலம் கட்டிய ஒருவரைக் கல்லும் குழியுமான பாதையில் கொண்டு செல்வது அவருக்கு ஒரு தண்டனையாகவே அமைந்திருக்கும். வண்டியின் ஒவ்வொரு குலுக்கலும் நிறைந்த பையைத் தாக்குமாதலால், புறப்படுவதற்கு முன் அடிவயிற்றில் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் இருக்கையில் வைக்கோல் பரப்புவதும் கூட வந்தவரின் வேலைகளாயின. அக்காலத்து மிசன் வைத்தியசாலைகளில் நோயாளியோடு உறவினரும் தங்கிச் சமைத்து ஊட்டுவது பொதுவான நடைமுறை. அதனால் அறுவைக்குப் பின்னான பராமரிப்பைத் துணைவி அங்கேயே கண்டு கற்றுக்கொண்டாள். குழாய் நுழைத்துச் சலம் எடுத்தல் பழங்காலம் தொட்டே அறியப்பட்டது. நெடுங்காலம் வெள்ளியாலும் பிற உலோகங்களாலும் செய்யப்பட்ட கதீற்றர் என்னும் இக்குழாய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இறப்பரைப் பதப்படுத்தும் முறை கண்டறியப்பட்டபின் வளையும் தன்மை பெற்றது.

அறுவைக்குப் பின் சலப்பை ஏன் அடங்குவதில்லை என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. மயக்க மருந்தால் பையின் தசை சில நாட்கள் சோர்ந்து கிடக்கும். இது தானே நீங்குவது. கல் அல்லது சுரப்பி நெடுநாள் வழியை மறித்திருந்தால், அத்தடையை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்துப்போன தசை, தடை நீங்கிய பின்னும் சிறிதளவு நீர் சேர்ந்தவுடனே துடித்து ஓயாத அவசரத்தை உண்டாக்கும். வழியின் உட்சுவர் ஆறும்போது தழும்பு சுருங்கி மறுபடியும் அடைப்பு வரலாம். சலத்தை அடக்கும் வளையத் தசையோ அதற்குச் செல்லும் நரம்போ அறுபட்டால் கசிவு நிலைத்துவிடும். இவை எல்லாவற்றின் மேலும், குழாய் வழியே ஏறும் கிருமியால் கடுப்பும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வரும். நாட்களில் நீங்குவதும், மாதங்களில் நீங்குவதும், நீங்காததும் தொடக்கத்தில் ஒரே தோற்றத்தில் நிற்பதே இந்நோயின் கொடுமையாகும். இன்னும் எத்தனை நாள் என்ற கேள்விக்கு வைத்தியசாலையில் விடை கிடைக்காதபோது, வீடு திரும்பியவர்கள் அக்கேள்வியைப் பரிகாரியிடம் கொண்டு சென்றனர்.

இதனை அறியாமை எனத் தள்ளுவது வரலாற்றைத் தவறாகப் படிப்பதாகும். கல்லை எடுக்க மிசன் ஆசுப்பத்திரியும், கடுப்பைத் தணிக்கப் பரிகாரியும் எனக் குடும்பங்கள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. கிருமிகொல்லி மருந்துகள் இல்லாத காலத்தில் கடுப்புக்கு ஆங்கில வைத்தியரும் நீர்த்த பானங்களையே மிகுதியாகப் பரிந்துரைத்தமையால், பார்லிக் கஞ்சிக்கும் நெருஞ்சில் குடிநீருக்கும் இடையிலான தூரம் அன்று பெரிதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உயிரளவு முக்கியமானது. வழி திறந்திருக்கும்போது சலத்தைப் பெருக்கும் குடிநீர் கழுவிச் சுத்தம் செய்யும். வழி முற்றாக அடைபட்டிருக்கும்போது அதே குடிநீர் பையை மேலும் நிறைத்து வேதனையைக் கூட்டும். அந்நிலையில் குழாயே முதல் மருந்து என்பதை அறிந்து நோயாளியை உடனே அனுப்பிவைத்த பரிகாரியே நல்ல பரிகாரி.

வீட்டினுள் இந்நோயின் காலம் பெரும்பாலும் இரவு. பழைய யாழ்ப்பாணத்து வளவில் மலசலகூடம் வீட்டை விட்டு விலகிக் கோடிப்புறத்தில் இருந்தமையால், இரவில் நான்கைந்து முறை எழும் கணவனுக்கு முன்னே அரிக்கன் இலாம்பைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடப்பதும், நடக்க முடியாதபோது கட்டிலருகே சட்டி வைப்பதும், பழைய வேட்டியைக் கிழித்து மடித்துத் துணியாக்கி விடியுமுன் கிணற்றடியில் அலசுவதும் மனைவியின் தூக்கத்தைப் பங்கிட்டன. கசிவுள்ளவர் துடக்குள்ளவர்போல் தம்மை ஒதுக்கிக்கொண்டு கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகாமல் விடுவதால், வெளியாருக்குச் சொல்ல வேண்டிய சாக்கையும் அவளே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மருந்தும் பத்தியமும் பயனளிக்காதபோது நேர்த்தி வைக்கப்பட்டது. அச்சுவேலிக்கு அண்மையில், தொண்டைமானாற்றங்கரையில் உள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயில் நோய் தீர்க்கும் தலமாக மக்களால் நம்பப்படுவது. ஆலிலையில் அமுது படைக்கும் அக்கோயிலில், பூசகர் வாய்கட்டி மௌனமாகப் பூசை செய்வார். வாய்விட்டுச் சொல்ல முடியாத நோய்க்கு அம்மௌனச் சந்நிதி பொருத்தமான இடமாயிற்று.

மனைவி நோயாளியானபோது நிலை வேறாகியது. நெடுநேரம் பிள்ளை பிறவாமல் தலை இடுப்பெலும்பில் சிக்கி நிற்கும் பிரசவத்தில், சலப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையிலுள்ள சுவர் அழுகித் துளைபடுவதுண்டு. பவுத்திரம் போன்ற இத்துளையால் சலம் இரவுபகலாகக் கசியும். அமெரிக்காவில் மரியன் சிம்ஸ் என்ற வைத்தியர் அடிமைப்பட்ட கறுப்பினப் பெண்கள் மேல், மயக்க மருந்தின்றித் திரும்பத் திரும்ப அறுத்துப் பழகி, 1849இல் வெள்ளிக் கம்பியால் இதனைத் தைக்கும் முறையைக் கண்டார் என்பது மருத்துவ வரலாற்றின் கறையும் பேறும் ஒருங்கே ஆகும். தைத்த பின்னும் பல நாட்கள் சலப்பை நிறையாதபடி குழாய் வைத்துக் காக்காவிடின் தையல் பிரிந்துவிடும்; ஆகவே அறுவையின் வெற்றி பின்பராமரிப்பிலேயே தங்கியிருந்தது. ஆனால் ஆண் வைத்தியரிடம் இந்நோயைக் காட்டக் குடாநாட்டுப் பெண்கள் உடன்படுவது அரிதாக இருந்தது. மேரி, மாகிறற் லீச் சகோதரிகள் திரட்டிய நிதியால் 1898இல் இணுவிலில் திறக்கப்பட்ட மக்லியொட் பெண்கள் வைத்தியசாலையும், அங்கே பல பத்தாண்டுகள் பணியாற்றிய இசபெல்லா கேர் என்ற பெண் வைத்தியரும் இத்தடையைத் தளர்த்தினர். கணவன் வாசல்வரை அழைத்து வர, உள்ளே பெண்ணோடு பெண் பேசும் நிலை அப்போது வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் கல்லை விடச் சுரப்பியே முதன்மை பெற்றது. இந்தியாவில் இராணுவ மருத்துவச் சேவையில் கல்லுடைக்கும் திறமைக்குப் பேர்பெற்ற அயர்லாந்துக்காரராகிய பீற்றர் பிறேயர், இலண்டன் திரும்பியபின் 1900இல் அடிவயிற்று வழியே சலப்பையைத் திறந்து பெருத்த சுரப்பியைத் தோண்டியெடுக்கும் முறையைத் தொடங்கினார். 1945இல் ரெறன்ஸ் மில்லின் சலப்பையைத் திறவாமலே அதனை அணுகும் வழியை வெளியிட்டார். 1930களில் நுனியில் நீரால் ஊதப்படும் சிறு பலூன் கொண்ட ஃபோலி (Foley) கதீற்றர் வந்ததால் குழாய் தானே உள்ளே தங்கியது. இச்சிகிச்சைகளை நாடிய அச்சுவேலியாருக்கு இப்போது யாழ்ப்பாண நகரமே இலக்காயிற்று. அரச அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் 1850இல் தொடங்கி, 1907இல் அரசாங்கம் பொறுப்பேற்ற யாழ்ப்பாண வைத்தியசாலை, 1978இல் பல்கலைக்கழக மருத்துவ பீடம் உருவானபின் போதனா வைத்தியசாலையாக வளர்ந்தது. கோப்பாய், நீர்வேலி, புத்தூர் வழியாக ஓடிய பேருந்து, திருக்கலின் பகலை ஒரு மணி நேரமாகக் குறைத்தது. குழாயோடு வீடு திரும்புவோர் மிகுந்ததால், பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவதும், குழாய் முறுகாமல் பார்ப்பதும், கைகழுவிவிட்டுத் தொடுவதும் வீட்டார் அறிந்த கலையாயின.

போர்க்காலம் இக்கலையைக் கடுமையாகச் சோதித்தது. 1990இன் பின்னர் மருந்துக்கும் எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டில், செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் இயங்கிய யாழ்ப்பாண வைத்தியசாலைக்குச் சைக்கிளிலேயே நோயாளிகள் கொண்டுவரப்பட்டனர். ஊரடங்கு இரவில் சலம் கட்டினால் விடியும்வரை பொறுப்பதன்றி வழியில்லை. 1995 ஒக்ரோபரில் படை நடவடிக்கை முதலில் அச்சுவேலிப் பக்கத்தைத் தாக்கி, அம்மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அறுவைக்குப் பின் தேறிவந்த முதியோருக்கும் சனத்தோடு சனமாக நடப்பதைத் தவிர வேறு தெரிவு இருக்கவில்லை. மருந்து வராத ஆண்டுகளில் வேலியோரத்து நெருஞ்சிலும் தேங்காய்ப்பூக்கீரையும் மீண்டும் தேடப்பட்டன. கைதடியில் 1984இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சித்த மருத்துவ அலகு அம்மரபைக் கல்விநெறியாக்கியிருந்தமை இவ்வேளையில் பொருளுடையதாயிற்று.

அறுவைக்குப் பின் நீடிக்கும் சலப்பைத் தொல்லைக்கு இன்று மருத்துவம் தரும் நிவாரணங்களுள் மிகப் பயனுள்ள இரண்டு, வைத்தியசாலையில் அல்லாமல் வீட்டிலேயே நடப்பவை என்பது இவ்வரலாற்றோடு இயைகிறது. இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை ஆர்னல்ட் கேகல் 1948இல் விளக்கினார். தானாக வெளியேறாத சலத்தை, சில மணிக்கு ஒருமுறை நோயாளியோ துணையோ சுத்தமான குழாய் நுழைத்து எடுத்துவிடும் முறையை யாக் லப்பிடிஸ் 1972இல் முன்வைத்து, நிரந்தரக் குழாயிலிருந்து பலரை விடுவித்தார். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எவ்வளவு போனது என்று நோயாளியின் வீட்டார் எழுதிவரும் குறிப்பையே கிளினிக்கில் வைத்தியர் முதலில் கேட்கிறார். சட்டியில் குடிநீர் எட்டிலொன்றாக வற்றுவதை அளந்து நின்ற கண்ணே இப்போது அளவுக் குவளையின் கோட்டைப் பார்க்கிறது. குடிநீர் காய்ச்சுவோர் இன்றும் உளர். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு அது பொருந்தாமற் போகலாம் என்பதால் அதனையும் கிளினிக்கில் மறைக்காமல் சொல்வதே பழைய வேலைப்பங்கீட்டின் இன்றைய ஒழுங்காகும்.

வைத்தியசாலையின் பதிவேடு நோயாளி வீடு சென்ற திகதியோடு முடிகிறது. குடும்பத்துக்கோ நோயின் நீண்ட பகுதி அத்திகதியிலிருந்தே தொடங்கியது. மானிப்பாய்க்குப் போன திருக்கலும், யாழ்ப்பாணத்துக்குப் போன பேருந்தும் திரும்பி வந்து நின்ற அந்த வளவில், விடியற்காலையில் துணை கேட்கும் முதற்கேள்வி மாறவேயில்லை. விடுதியில் தாதி கேட்பதும், நாடி பார்க்குமுன் பரிகாரி கேட்டதும் அதே கேள்விதான்: சலம் போச்சுதோ?